சாவு வீட்டுத் தண்ணீர்

சாவு வீட்டில் சண்டை வருவது ஒன்றும் அதிசயமில்லை. கோடித் துணி யார் முதலில் போடுவது, எனக்கு ஏன் லேட்டாகத் தகவல் சொன்னீர்கள், மாமன் வீட்டுக்காரர்களுக்கு ஏன் நாற்காலி போடவில்லை... ஏதாவது ஒன்று கிளம்பும். போன மாதம் எங்கள் தெருவில் ஒரு சாவு. அங்கேயும் சண்டை வந்தது. எதற்கு? தண்ணீருக்கு! அதுவும் வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீருக்கு.

சிரிக்காதீர்கள். அன்றைக்கு அங்கே யாரும் சிரிக்கவில்லை.

கருவடிக்குப்பத்தில் எனக்கு எதிர் வீடு மாசிலாமணி. தட்டாஞ்சாவடியில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருந்தார். பகலெல்லாம் இரும்பைக் கடைவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கைகாலைக் கழுவிக்கொண்டு நேராகத் தொட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். மற்ற வீடுகளில் டிவி இருக்கிற இடத்தில், இவர் ஹாலில், ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி. உள்ளே கடல். பாறை, மணல், அலை மாதிரி தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும் மோட்டார் — எல்லாம் உண்டு.

வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "மீன் எங்க?"

மீன் இல்லை. மாசிலாமணி வளர்த்தது வேறு ஜாதி. பாறை இடுக்கில் குழாய் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வாயிலிருந்து இறகு இறகாக ஒரு விசிறி விரியும். அது ஒரு புழு. விசிறிப் புழு. அப்புறம் வாயைக் கோடு போட்டது போலத் திறந்து வைத்திருக்கும் மட்டிச் சிப்பிகள். நகத்தளவு நண்டு ஒன்று, இரண்டு கையிலும் சாமரம் பிடித்த மாதிரி தண்ணீரை வீசிக்கொண்டே இருக்கும். இவை எதுவும் இரையைத் துரத்தாது, கடிக்காது. உட்கார்ந்த இடத்திலேயே தண்ணீரை வாங்கி, அதில் மிதக்கிற கண்ணுக்குத் தெரியாத தூசு தும்பை வடிகட்டித் தின்றுவிட்டு, தண்ணீரைத் திருப்பி வெளியே விட்டுவிடும். அவ்வளவுதான் அதுகளின் ஜீவனம்.

"ஏன் மாசிலாமணி, பஸ் ஏறினா பீச். அவ்ளோ பெரிய கடல் சும்மா கிடக்குது. வீட்டுக்குள்ள எதுக்கு இன்னொண்ணு?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"அது கவர்மென்ட் கடலு மதாம். இது என்னுது" என்றார்.

மதாம் என்பது நான்தான். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள். தெருவுக்கே நான் மதாம். கீரைக்காரம்மாவுக்குக்கூட!

அவர் முதன்முதலில் வாங்கிய விசிறிப் புழுக்கள் எல்லாம் செத்துப் போயின. நோய் இல்லை, நொடி இல்லை. மனுஷன் தண்ணீரை வடிகட்டி, வடிகட்டி, கண்ணாடி மாதிரி வைத்திருந்தார். தின்ன ஒரு தூசு இல்லை. பட்டினி! அதுகள் என்ன, தட்டைத் தூக்கி அடிக்குமா? பசிக்கிறது என்று வாய் விட்டுக் கேட்குமா? விசிறி வருவதும் போவதுமாக இருந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்து, ஒரு நாள் வெளியே வரவே இல்லை.

"சுத்தம் பண்ணியே கொன்னுட்டேன் மதாம்" என்று அன்றைக்கு அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. நம் ஊரில் சுத்தத்தை ஒரு குற்றமாகச் சொன்ன மனிதர் அவர் ஒருத்தர்தான்.

அதற்குப் பிறகுதான் பாட்டில்கள் வந்தன. சமையலறை ஜன்னலோரம் வரிசையாக பிளாஸ்டிக் பாட்டில். உள்ளே பச்சைப் பசேலென்று தண்ணீர். கடல் பாசியிலேயே பொடியினும் பொடி. அதை வளர்த்து, வேளாவேளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டியில் ஊற்றுவார். அவர் மனைவி கலாவுக்கு இதில் ஏக எரிச்சல்.

"ஆப்பச் சட்டி வெக்க எடமில்லக்கா இந்த வீட்டுல. பாசிக்கு எடம் இருக்குது" என்பாள். பகலில் அவர் பட்டறையில் இருக்கும்போது அந்தப் பச்சைத் தண்ணீரை ஊற்றுகிறவளும் அவள்தான். கேட்டால், "எனக்கும் அதுங்களுக்கும் பேச்சுவார்த்தை கெடயாது. சோறு மட்டும் போடுவேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அப்படிப்பட்ட வீடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல டிரம்மில் உப்புக் கரைத்து, கையாலேயே கலக்கி, தொட்டியில் புதுத் தண்ணீர் ஏற்றினார் மாசிலாமணி. செவ்வாய்க்கிழமை பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இப்படியா ஒரு மனிதர் போவார்? வாசலில் அவர் ஸ்கூட்டர் இல்லாததைப் பார்த்து இன்னும் பட்டறையிலிருந்து வரவில்லை போல என்று இப்போதும் ஒரு நொடி நினைத்துவிடுகிறேன்.

மகன் துபாயிலிருந்து வர வேண்டும். அதுவரை உடம்பை வைக்க ஐஸ் பெட்டி வந்தது. ஹாலில் இறக்கினார்கள். ஐஸ் பெட்டிக்கு பிளக் வேண்டுமே? கொண்டுவந்த பையன்கள் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். கிட்டத்தில் இருந்த பிளக்கைப் பிடுங்கினார்கள். ஐஸ் பெட்டியைச் சொருகினார்கள். போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? பிணத்தைவிட அவசரமாக ஒரு வீட்டில் வேறு என்ன இருக்கப் போகிறது?

பெண்கள் கலாவைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். ஒருத்தி மாற்றி ஒருத்தி மாரில் அடித்துக்கொள்கிறாள். அவ்வளவு சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவில் கலா சட்டென்று தலையைத் தூக்கினாள். என்னைத் தேடினாள்.

"அக்கா... மோட்டாரு நின்னுடுச்சு" என்றாள்.

அத்தனை ஒப்பாரியில் ஒரு சின்ன மோட்டாரின் 'ம்ம்ம்' நின்றது எப்படி அவள் காதில் விழுந்தது? தொட்டியைப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. தண்ணீர் நின்றால் அதுகளுக்குச் சோறும் இல்லை, மூச்சும் இல்லை — மாசிலாமணி சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். ஓடிப்போய் என் வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்து வந்து மாட்டினேன். ஒரு பெரியவர் என்னை முறைத்தார். முறைக்கட்டும். மோட்டார் ஓடியது. கலா மறுபடியும் அழ ஆரம்பித்தாள்.

மறுநாள் மகன் வந்தான். மத்தியானம் எடுத்தார்கள். பறை முன்னால் போக, ஆண்கள் எல்லாம் பின்னால் சுடுகாட்டுக்குப் போனார்கள். வீட்டில் பெண்கள் மட்டும்.

இனிமேல் என்ன நடக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். வீட்டைக் கழுவ வேண்டும். ஆக்கின சோறு, மொண்டு வைத்த தண்ணீர் எதுவும் அந்த வீட்டில் தங்கக் கூடாது. குடம், அண்டா, பக்கெட் எல்லாம் கவிழ்த்தாக வேண்டும். கழுவி முடித்து, உடம்பு கிடந்த இடத்தில் விளக்கேற்ற வேண்டும். சுடுகாட்டிலிருந்து திரும்புகிற ஆண்கள் அந்த விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் அவரவர் வீட்டுக்குப் போவார்கள்.

இந்தக் காரியத்துக்கெல்லாம் தலைவி அஞ்சலை. மாசிலாமணியின் அக்கா. பாகூர் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். தாய் சீக்கிரம் போய்விட்டதால் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தது இவர்தான். முதல் நாளிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. தொண்டை கட்டிப்போய்விட்டது. ஆனாலும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ம், பாருங்கடி, ஆம்பளைங்க வந்துருவாங்க" என்று எல்லாரையும் விரட்டி வேலை வாங்கினார்.

குடங்கள் கவிழ்ந்தன. டிரம் கவிழ்ந்தது. யாரோ ஒரு பெண் சமையலறைக்குள் போனாள். ஜன்னலோரம் பாட்டில் பாட்டிலாகப் பாசி பிடித்த தண்ணீர்! அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? ஒன்று விடாமல் கொட்டினாள்.

வாசல் சாக்கடையில் பச்சையாகத் தண்ணீர் ஓடியதை நானும் கலாவும் ஒரே நேரத்தில் பார்த்தோம். கலா எழுந்தாள். அதுவரை ரெண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தவள், உதறிக்கொண்டு உள்ளே ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன்.

அங்கே இன்னொருத்தி தொட்டிக்கு முன்னால் பக்கெட்டும் கையுமாக நின்றிருந்தாள். ஒரு சொம்பு மொண்டும் விட்டிருந்தாள்.

"கீழ வெய்யி அத" என்றாள் கலா. கத்தவில்லை. தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டாள்.

அஞ்சலை வந்தார். "என்னா கலா?"

"இத மட்டும் வுட்டுடுங்க அண்ணி."

"எத?"

"இந்தத் தண்ணிய."

"பைத்தியமா புடிச்சிருக்குது உனக்கு? ஊட்டுல ஒரு சொட்டு இருக்கக் கூடாதுன்னு கொடத்தல்லாம் கவுத்துட்டு, அண்டா அண்டாவா நடு ஊட்டுல வெச்சிருப்பியா?"

நான் சும்மா இருக்க வேண்டும். இருந்தேனா? "இல்லீங்கம்மா, அது குடிக்கிற தண்ணி இல்ல, அதுல உசுரு இருக்குது..." என்று ஆரம்பித்தேன்.

அஞ்சலை என் பக்கம் திரும்பினார். "இது எங்க ஊட்டு சாவு மதாமு. நீங்க சித்த அப்படி ஒக்காருங்க."

ஒதுங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய? அவர் சொன்னதில் தப்பும் இல்லையே!

ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. காரணம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் போனபோதும் இப்படித்தான், நல்ல மனசோடு, நாலு பேர் சேர்ந்து கழுவினார்கள். தலையணை உறை, துண்டு, சட்டை எல்லாம் நனைத்துப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டார்கள். சாயங்காலம் வீடு பளிச்சென்று இருந்தது. அவர் வாசனை எங்கேயும் இல்லை. அலமாரி முழுக்கத் தேடினேன். இல்லவே இல்லை. சுத்தம் என்றால் இன்றைக்கும் எனக்கு அந்தச் சாயங்காலம்தான்.

"கலா, சொன்னா கேளு." அஞ்சலையின் குரல் இறங்கியிருந்தது. "செத்தவன் கை பட்ட தண்ணிடி அது."

"ஆமா அண்ணி. அவரு கை பட்ட தண்ணி."

"அத ஊட்டுல வெச்சிருந்தா அவன் போவ மாட்டான்டி. இங்கியே சுத்திக்கினு இருப்பான்."

"சுத்தட்டுமே" என்றாள் கலா.

துடைப்பம் வைத்திருந்தவள் கழுவுவதை நிறுத்திவிட்டாள். 'சுத்தட்டுமே' என்று ஒரு பெண்டாட்டி சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்று எந்த சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது?

அஞ்சலை தொட்டித் தண்ணீரை மொண்டவள் கையிலிருந்து சொம்பை வாங்கிக்கொண்டு தொட்டிக்குக் கிட்டே போனார். கொட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். கலா விலகவும் இல்லை, தடுக்கவும் இல்லை. பெரிய நாத்தனாரைக் கை வைத்துத் தள்ளிவிட முடியுமா?

அஞ்சலை குனிந்தார். அவர் நிழல் கண்ணாடியில் விழுந்தது. படக்கென்று அத்தனை விசிறியும் உள்ளே போய்விட்டன. வெறும் பாறைதான் நின்றது.

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "என்னாடி... பூவாட்டம் இருந்துச்சே! எங்க போச்சு?"

"நெழலு பட்டா உள்ள போயிடும் அண்ணி. அசையாம நில்லுங்க. வரும்."

அஞ்சலை அசையாமல் நின்றார். அவர் நின்றதால் நாங்களும் நின்றோம். ஈரத் தரை, கவிழ்த்த குடங்கள், நடுவில் பத்துப் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணாடித் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மோட்டார் மட்டும் ஓடியது. முதலில் ஒரு புழு நுனியை மட்டும் நீட்டியது. யோசித்தது. அப்புறம் மெல்ல விரித்தது. அதைப் பார்த்து இன்னொன்று. அப்புறம் எல்லாம்.

"இதுங்க என்னாத்தத் தின்னும்?" அஞ்சலை ரகசியம் மாதிரி கேட்டார்.

"தண்ணியில இருக்கறதத்தான் அண்ணி. தூசு, அழுக்கு, எது மெதக்குதோ அது. அத எடுத்துக்கினு தண்ணிய சுத்தமா வெளிய வுட்டுடும். அதுக்குத்தான் அந்தப் பச்சத் தண்ணியும் ஊத்துவாரு."

"கடைசியா எப்ப அவன் இதுல கை வெச்சான்?"

"ஞாயித்துக்கெழம அண்ணி. முழங்கை வரைக்கும் வுட்டுத்தான் கல்லெல்லாம் சரி பண்ணாரு."

"அவன் கையில இருந்த அழுக்கு?"

கலாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் விசிறிகளைத் திரும்பிப் பார்த்தாள். "அதையும் தின்னிருக்கும் அண்ணி."

அஞ்சலை சொம்பைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். வளர்த்த தம்பி. இடுப்பில் சுமந்த தம்பி. சுடுகாட்டில் இந்நேரம் அவனுக்குக் கொள்ளி வைத்திருப்பார்கள். அதுவரைக்கும் வேலை, வேலை என்று விரட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. சொம்புத் தண்ணீரை மெதுவாக, சத்தம் வராமல், திரும்பத் தொட்டியிலேயே ஊற்றினார்.

"அவன் அழுக்கத் தின்னதுங்க தீட்டையும் தின்னுட்டுப் போவட்டும்" என்றார். "வுடு. வெளக்க ஏத்துங்கடி, ஆம்பளைங்க வர நேரமாச்சு."

தீர்ப்பு முடிந்தது! மேல்முறையீடு கிடையாது. ஒருத்தி மட்டும் வாசலில் போய், "பெரியம்மாவுக்கே புத்தி கலங்கிடுச்சு" என்று முணுமுணுத்தாள். எனக்கென்னவோ அன்றைக்கு அந்த வீட்டிலேயே தெளிவாக இருந்த புத்தி அதுதான் என்று தோன்றியது. வழக்கத்தை மீறவும் இல்லை, வீம்பு பிடிக்கவும் இல்லை. தண்ணீரைக் கொட்டுவது எதற்கு? இருக்கிறவர்கள் பயமில்லாமல் இருப்பதற்கு. இருக்கிறவளே வேண்டாம் என்கிறாள், அப்புறம் யாருக்காகக் கொட்டுவது? இதைச் சொல்ல எனக்கு இத்தனை வாக்கியம் தேவைப்படுகிறது. அந்த அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ஆண்கள் திரும்பி வந்தார்கள். வாசலில் கால் கழுவினார்கள். விளக்கைப் பார்த்தார்கள். விளக்குக்குப் பின்னால் தொட்டி ஓடிக்கொண்டிருந்தது. மகன் பிரபு அதைப் பார்த்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான். யாரும் அவனை எழுப்பவில்லை.

சரி, தண்ணீர் பிழைத்தது. சோறு? பாட்டில் எல்லாம்தான் சாக்கடையில் போய்விட்டதே! அப்போதுதான் என் வீட்டு ஜன்னலில் ஒன்று இருப்பது எனக்கு உறைத்தது. "ஒரு எடத்துல கெட்டாலும் இன்னொரு எடத்துல இருக்கும் மதாம்" என்று மாசிலாமணியே கொண்டுவந்து வைத்த பாட்டில். நான் அதன் பக்கமே போனதில்லை. தூசி படிந்து கிடந்தது. ஆனால் உள்ளே பச்சை. கொண்டுபோய்க் கலாவிடம் கொடுத்தேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். குலுக்கினாள். முகர்ந்துகூடப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குதுக்கா" என்றாள். கழுவிக் கவிழ்த்திருந்த பாட்டில்களில் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஊற்றி, மறுபடி உப்புத் தண்ணீர் கலந்து, ஜன்னலோரம் அடுக்கினாள். இந்த முறை ஆப்பச் சட்டியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

பேச்சுவார்த்தையும் ஆரம்பமாகிவிட்டது என்று நினைக்கிறேன். காலையில் கோலம் போடும்போது எதிர் வீட்டு ஹாலிலிருந்து அவள் குரல் கேட்கிறது. யாரிடம் பேசுகிறாள் என்று நான் கேட்கவில்லை. எப்போதும் மூக்கை நுழைக்கிறவள் நான்... இதில் மட்டும் நுழைக்கவில்லை.

கருமாதிக்கு எல்லாரும் மறுபடி கூடினோம். படத்துக்கு மாலை. முன்னால் பெரிய இலை. அவருக்குப் பிடித்ததெல்லாம் படைத்திருந்தார்கள். வடை, பாயசம், அவர் தினமும் குடிக்கிற சுக்குக் காப்பி. காக்காவுக்குச் சோறு வைத்த பிறகுதான் யாரும் இலையில் உட்கார முடியும். மொட்டை மாடியில் ஆள் நின்று 'கா... கா...' என்று கூப்பிட ஆரம்பித்தாயிற்று.

அஞ்சலையை மட்டும் காணோம். போய்ப் பார்த்தால் தொட்டிக்கு முன்னால் நிற்கிறார்.

"இன்னிக்கு இதுங்களுக்கு ஊத்துனியா கலா?"

"இனிமேதான் அண்ணி. வேலையில மறந்தே போயிட்டேன்."

"கொண்டா."

கலா பாட்டிலைக் கொண்டுவந்தாள். அஞ்சலை அதை வாங்கவில்லை. தயங்கினார். அப்புறம் குழந்தை மாதிரி கேட்டார்: "நான் கை வெக்கலாமா உள்ள?"

"வெய்யிங்க அண்ணி. சோப்பு மட்டும் போட்டிருக்கக் கூடாது."

அஞ்சலை வளையலை மேலே ஏற்றிக்கொண்டார். கையை மெதுவாகத் தண்ணீருக்குள் விட்டார், முழங்கை வரைக்கும். விசிறிகள் எல்லாம் உள்ளே ஓடிப் போயின. அவர் கையை எடுக்கவில்லை. அசைக்கவும் இல்லை. கலா பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள்.

மாடியிலிருந்து யாரோ கத்தினார்கள். "பெரியம்மா, காக்கா வந்துடுச்சு! சீக்கிரம் சோத்தக் கொண்டாங்க!"

"இருக்கச் சொல்லு" என்றார் அஞ்சலை, கையை எடுக்காமலே. "இன்னிக்கு அது ரெண்டாம் பந்தி."